டிக் டிக் தமிழா, டொக்கு டொக்கு தமிழா?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். இரட்டைக்கிளவிக்கு ஐந்து எடுத்துக்காட்டு எழுதச் சொன்ன தேர்வில், ‘கடிகாரம் டிக் டிக்கென்று ஓடியது’ என்று ஒன்றை எழுதியிருக்கிறான். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் அடித்து ‘ஆங்கிலச் சொல்’ என்று ஓரத்தில் குறித்துவிட்டார். வீட்டில் சகோதரியின் மாமியாரான பையனுடைய பாட்டியோ, “நம்ம கடிகாரம் டொக்கு டொக்குன்னுதானடா அடிக்குது, டிக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்கிறாராம். அந்தப் பழைய பெண்டுலக் கடிகாரமும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததிலிருந்து சரியாக ஓடவில்லை, ‘டொக்-டொக்’ என்று சேர்த்து அடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்று கடைசியில் ஒரு வரி. ‘டிக் டிக்’ என்றால் என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது, ‘கடிகாரம்’ என்ற பெயரும் அந்தச் சத்தத்தால் வந்ததுதானா என்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது நாலாவது ஒன்று என்று எனக்குப் படுகிறது: பையனுக்கு அந்த ஒரு மதிப்பெண் கிடைத்திருக்க வேண்டுமா, இல்லையா?

நான் 31 வருஷம் தமிழாசிரியராக இருந்தவன். அதில் பெரும்பகுதி இந்த ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில்தான் போனது. அதற்கு முன்னாலேயே, தொண்டியில் என் அப்பா போட்டிருந்த வாட்ச் ரிப்பேர் மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வளர்ந்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு இலக்கணம் ஒரு காதிலும் பல்சக்கரம் இன்னொரு காதிலும் கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். சாவி கொடுக்கிற கடிகாரத்தில் சுருள்வில்லின் விசை அப்படியே அவிழ்ந்து போய்விடாமல், ஒரு பல்சக்கரத்தை நங்கூரம் போன்ற ஒரு துண்டு மாறி மாறிப் பிடித்துப் பிடித்து விடுகிறது. பெண்டுலம் இந்தப் பக்கம் வரும்போது நங்கூரத்தின் ஒரு கை ஒரு பல்லைத் தடுக்கும், அந்தப் பக்கம் போகும்போது மறு கை இன்னொரு பல்லைத் தடுக்கும். அந்தத் தடுப்பில் உலோகத்தின் மேல் உலோகம் விழுகிற ஓசையைத்தான் நாம் ‘டிக்’ என்கிறோம். அதாவது கடிகாரம் ஓடுகிற சத்தம் என்று நாம் நினைப்பது, அது ஒவ்வொரு தடவையும் நிறுத்தப்படுகிற சத்தம். சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள பெண்டுலம் நொடிக்கு ஒரு தட்டு தட்டும். நீளம் கால் பங்கானால் நொடிக்கு இரண்டு தட்டு. அப்பாவிடம் அதிகம் வந்த கைக்கடிகாரங்கள் மணிக்கு 18,000 தட்டு, அதாவது நொடிக்கு ஐந்து. இப்போதைய பேட்டரி கடிகாரத்துக்குள் ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்ந்தாலும், முள் நொடிக்கு ஒரு முறைதான் நகர்கிறது. அந்த ஒரு நகர்வுக்கு ஒரு ‘டிக்’.

அப்பா வேலை முடித்த வாட்சை என் காதில் வைத்து, “என்ன சொல்லுது?” என்று கேட்பார். ‘டிக் டிக்’ என்று சொன்னால் திட்டு விழும். நொடிக்கு ஐந்து தட்டுப் போகிற இயந்திரம் டிக் டிக் என்று சொல்லாது, ‘கிடுகிடு’ என்று ஓட வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்த வாட்ச்தான் இழுத்து இழுத்துப் பேசும். கடலுக்குப் போகிறவர்கள் கொண்டுவரும் வாட்சுகளின் மூடியைத் திறந்தால் உள்ளே காவி நிறத்தில் பொடி உதிரும். அவற்றை அவர் காதில் வைத்துப் பார்ப்பதுகூட இல்லை, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைத்தான் முதலில் இழுப்பார். ஒரே பொருளுக்கு ஒரே சத்தம் என்று கிடையாது என்பதை அங்கேதான் கற்றேன். உங்கள் மாமியார் சொல்கிற ‘டொக்கு டொக்கு’ தப்பில்லை. மரப்பெட்டிக்குள் இருக்கிற பெரிய இயந்திரத்தின் தட்டலை அந்தப் பெட்டியே வாங்கிப் பெருக்கி, அடித்தொண்டையில் பேசுவதுபோல் வெளியே விடுகிறது. பிளாஸ்டிக் டைம்பீசுக்கு அந்த வயிறு இல்லாததால் அது ‘டிக்’ என்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘டிக்’ என்பதற்கு அகராதிப் பொருள் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ‘மரம்’ ஒரு பொருளைச் சுட்டுவதுபோல் அது எதையும் சுட்டுவதில்லை, ஒரு ஓசையை நடித்துக் காட்டுகிறது. தொல்காப்பியர் உரிச்சொல்லை விளக்கும்போது ‘இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றி’ என்று இசைக்கு முதல் இடம் கொடுத்தார். ஓசையைச் சொல்லாக்கும் உரிமையை இலக்கணம் அன்றைக்கே தந்துவிட்டது. அப்படி ஆக்கிய ஓசையை வாக்கியத்துக்குள் கொண்டுவரத் தமிழில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதுதான் ‘என’. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர், மரத்தில் ஏறி ஆழமான நீரில் ‘துடுமெனப் பாய்ந்து’ மணலை அள்ளி வந்த இளமையை நினைத்துப் பார்க்கிறார். பாம்பன் பக்கம் பாலத்தடியில் குதிக்கிற பையன்களைப் பார்த்திருந்தால் அந்த ‘துடும்’ உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ‘துடும்’ என்பது ஓசை, ‘என’ அதைப் பிடித்துத் தூக்குகிற கை. ‘டிக்கென்று’, ‘டிக்குன்னு’ என்று நாம் சொல்வதிலும் இருப்பது அதே கைதான்.

ஆசிரியர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நன்னூல் கணக்கில் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகள் 22. அதில் உயிர் பன்னிரண்டு போக மீதிப் பத்து வரிசையில் டகரம் கிடையாது. இறுதியில் வரக்கூடியவை 24. அதில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய் ஒன்றுக்கும் இடம் இல்லை. ‘டிக்’ என்ற குட்டிச் சொல்லோ வாசலிலும் விதியை மீறுகிறது, கொல்லைப்புறத்திலும் மீறுகிறது. டகரத்தில் தொடங்கி ககர மெய்யில் முடிகிற ஒன்றைப் பார்த்ததும் தமிழாசிரியர் கை சிவப்புப் பேனாவைத் தேடுவது இயல்பு. நானும் ஒரு காலத்தில் அடித்திருப்பேன்.

ஆனால் உங்கள் மாமியார் வாயைக் கவனியுங்கள். அவர் ‘டொக்’ என்று சொல்லவில்லை, ‘டொக்கு’ என்கிறார். ‘டிக்கு எங்கேருந்து வந்துச்சு’ என்கிறார். கொல்லைப்புறத்தில் திறந்து கிடந்த மெய்யைக் குற்றியலுகரத்தால், அதாவது குறுகி ஒலிக்கிற உகரத்தால் மூடிவிட்டார். நன்னூலின் அந்த 24 ஈறுகளில் கடைசி, குற்றியலுகரம். பள்ளிக்கூடம் போகாத நாக்கு இலக்கணத்தை இப்படித்தான் காப்பாற்றுகிறது. இனி வாசல்தான் பாக்கி. டகரம் முதலில் வருவதால் மட்டும் ஒன்று ஆங்கிலம் ஆகிவிடாது. கோயில் மணி ‘டாண் டாண்’ என்கிறது, கொட்டு ‘டும் டும்’ என்கிறது, பானை ‘டமார்’ என்று உடைகிறது. இவற்றை யாரும் வெள்ளைக்காரனிடம் வாங்கவில்லை. ‘பத்து மணிக்கு டாண்ணு வந்துருவான்’ என்று சொல்கிறோமே, மணியோசை அங்கே நேரந்தவறாமைக்கே சொல்லாகிவிட்டது. ஒலிக்குறிப்புகளுக்கு மட்டும் பேச்சுத்தமிழ் எப்போதும் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நடந்து வந்த வழி வேடிக்கையானது. அங்கே ‘டிக்’ முதலில் சத்தமே இல்லை, மெல்லத் தொடுவது, லேசாகத் தட்டுவது என்ற பொருளில்தான் வழங்கியது. கடிகார ஓசைக்கு அதைச் சொல்லத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். நெதர்லாந்துக்காரரான ஹைகன்ஸ் பெண்டுலக் கடிகாரத்தை உருவாக்கியது 1656-ல் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பேனா முனையால் லேசாகத் தொட்டுப் போடும் குறிக்கும் பிற்பாடு அதே சொல் போயிற்று. ஆகவே ஆசிரியர் சரியான விடைக்கு ‘டிக்’ போடுகிறாரே, அது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ‘டிக் டாக்’ என்று இரண்டாவதில் உயிரை மாற்றிச் சொல்வது ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டு வழக்கு. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் ‘டிக்-டக்’, சீனத்தில் ‘டீ-டா’. சீனத்தில் அது நீர்த்துளி சொட்டுகிற ஓசைக்கும் ஆகும். ஜப்பானியர் ‘கச்சி கச்சி’ என்பார்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ஐரோப்பியர் முதலில் இகரம், பிறகு அகரமோ ஒகரமோ வைத்து ஜோடியில் உயிரை மாற்றுகிறார்கள். தமிழில் ‘டிக் டிக்’, மலையாளத்திலும் தெலுங்கிலும் அதே ‘டிக் டிக்’, இந்தியிலும் ‘டிக் டிக்’. சலசல, படபட, கிடுகிடு என்று சொன்னதையே சொல்லுவது நம் பக்கத்துப் பழக்கம். மொழியியலாளர் எமனோ 1969-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இப்படி ஓசைச் சொற்களை இரட்டிக்கும் முறை திராவிட மொழி, இந்தோ ஆரிய மொழி என்ற வேலியைத் தாண்டி இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக இருப்பதைக் காட்டினார். நாமும் உயிரை மாற்றாமல் இல்லை, ஆனால் ஜோடிக்கு உள்ளே மாற்றுவது அபூர்வம். கசமுசா, தடபுடல் என்று விரல் விட்டு எண்ணலாம். பெரும்பாலும் ஜோடியை முழுசாகவே மாற்றுவோம். மெல்லிய கொலுசு ‘கிணுகிணு’, பெரிய மணி ‘கணகண’. மெல்லிய காற்று ‘சிலுசிலு’, ஓடுகிற தண்ணீர் ‘சலசல’. இகரம் சின்னதுக்கு, அகரமும் ஒகரமும் பெரியதுக்கு. டைம்பீசுக்கு ‘டிக்’, பெட்டிக் கடிகாரத்துக்கு ‘டொக்’ என்பது இந்தக் கணக்கில் கச்சிதமாக உட்காருகிறது. பழைய பாம்பன் பாலத்தில் 1914 முதல் ஓடிய ரயிலை யாரையாவது பேசிக் காட்டச் சொல்லுங்கள், ‘தடக் தடக்’ என்பார்கள். ‘தடிக் தடிக்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் உளவியல்காரர்கள் நெடுநாளாகச் சொல்லி வருவது. துல்லியமாக ஒரே மாதிரியான தட்டல்களைக் கேட்க வைத்தாலும், மனது அவற்றை இரண்டிரண்டாகக் கட்டி, ஒன்றை அழுத்தியும் ஒன்றைத் தளர்த்தியும் கேட்கும். ஆக, ‘டாக்’ ஓரளவு கேட்பவர் தலைக்குள்தான் அடிக்கிறது. நம் மொழி அந்த மயக்கத்தை எழுத்தில் காட்டாமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ‘டிக்’ வாங்கியதா, நாமே கேட்டு ஆக்கியதா? இங்கேதான் உறுதியையும் ஊகத்தையும் பிரித்து வைக்க வேண்டும். உறுதியானது: தட்டுகிற கடிகாரம் வருவதற்கு முன் இந்தச் சொல்லுக்குத் தமிழில் வேலை இருந்திருக்க முடியாது. நம் பழைய கடிகாரம் ஊமை. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனிடம், பொழுதறிந்து சொல்லும் ஆட்கள் வந்து ‘குறுநீர்க் கன்னல் இனைத்து’ என்று அறிவிக்கிறார்கள். கன்னல் என்பது நீரால் நாழிகை அளக்கும் கலம். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளைக்கு அறுபது. தண்ணீர் சத்தம் போடாமல் அளந்தது, சத்தம் போட்டவன் மனிதன். ஊகம்: பெண்டுலம், டைம்பீஸ் என்ற சொற்கள் பொருளோடு சேர்ந்து கப்பல் ஏறி வந்ததுபோல், ‘டிக்’ என்பதும் கூடவே வந்திருக்கலாம். அதற்குச் சாதகமாக டகரம் நிற்கிறது. ஆங்கிலேயர் நுனிநாக்கால் சொல்வதை நாம் எப்போதும் டிக்கெட், டிபன் என்று டகரமாகத்தான் வாங்கினோம். எதிராக ‘திக் திக்’ நிற்கிறது. நெஞ்சு திக் திக்கென்று அடித்துக்கொள்வதற்கும் கடிகாரம் டிக் டிக்கென்று அடிப்பதற்கும் நடுவே நாக்கு ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும். ஓசைச் சொற்களில் இதற்கு மேல் யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஒரே ஓசையை இரண்டு ஊர் தனித்தனியாகக் கேட்டு ஒரே மாதிரி நடிக்க முடியும் என்பதால், வடிவ ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. என் சாய்வைக் கேட்டால், ‘டிக்’ பாதி வாங்கியது. பாட்டியின் ‘டொக்கு’ முழுக்க நம்முடையது. கம்பை ஊன்றி நடக்கிறவருக்கும் கதவைத் தட்டுகிறவருக்கும் அதே சொல்தான் இந்தக் கரையில் புழங்குகிறது, அவர்கள் யாரும் ‘டிக்’ முன்னால் வராத தனி ‘டாக்’கை ஆங்கிலத்தில் கேட்டிருக்க வழி இல்லை.

‘கடிகாரம்’ சத்தத்தால் வந்த பெயர் அல்ல. ‘கடிக் கடிக்’ என்று ஓடுவதால் கடிகாரம் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. அதன் முன்பாதி ‘கடிகை’, வடமொழி கடிகா. கடம் என்றால் பானை. அடியில் துளையிட்ட சிறு கலத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டால் அது நிறைந்து முழுக ஒரு நாழிகை ஆகும். கலத்தின் பெயர் நேரத்துக்கும், நேரத்தின் பெயர் கருவிக்கும் போயிற்று. சத்தத்தால் நேரம் பெயர் பெற்றது வேறொரு சொல்லில். ‘மணி என்ன?’ என்று கேட்கிறோமே, அதில். அடிக்கிற மணிதான் நேரத்துக்குப் பெயர். ஆங்கிலத்தின் ‘கிளாக்’ என்பதற்கும் மூலத்தில் மணி என்றே பொருள், இடைக்கால லத்தீனில் ‘கிளாக்கா’ என்றால் மணி. கருவியின் பெயரை அவர்கள் மணியிடம் வாங்கினார்கள், நேரத்தின் பெயரை நாம் மணியிடம் வாங்கினோம். இரண்டு ஊர்க்காரர்களும் ‘டிக்’கைப் பொருட்படுத்தவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்ட வரிசையாக முகங்கள் வைத்த பலகை இருந்தால் பாருங்கள். முள்ளைக் கையால் திருப்பி வைக்கிற அந்தக் கடிகாரங்கள் ஒன்றும் ‘டிக்’ சொல்லாது. ஓடுகிற ஒரே ஒரு கடிகாரம்தான் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம், நன்னூலும் அதையே சொல்கிறது. இரண்டாகவே வரும், பிரித்தால் நிற்காது. ‘சல’ என்று தனியே சொன்னால் ஒன்றுமில்லை. ‘டிக்’ அப்படி இல்லை, ‘டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு’ என்று ஒற்றையாகவும் நிற்கும். ‘டிக், டிக், டிக்’ என்று மூன்றாகவும் அடுக்கும். இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கலாம் என்பது நன்னூல் அடுக்குத்தொடருக்குச் சொன்ன எல்லை. ஆகவே கறாராகப் பார்த்தால் இது இரட்டைக்கிளவிக்கும் அடுக்குக்கும் நடுவே நிற்கிற ஓசைக்குறிப்பு. நானாக இருந்தால் அரை மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் அடித்ததற்குக் காரணமாக ‘ஆங்கிலச் சொல்’ என்று எழுதியிருக்க மாட்டேன், ‘பிரித்தாலும் நிற்கிறதே?’ என்று கேட்டிருப்பேன். பையன் ஆசிரியரிடம் போய் வாதாட வேண்டாம். அடுத்த தடவை ‘கைக்கடிகாரம் கிடுகிடுவென்று ஓடியது’ என்று எழுதட்டும். ‘கிடு’ பிரியாது, முழு மதிப்பெண்ணுக்கு யாரும் கை வைக்க முடியாது. என் அப்பாவும் சந்தோஷப்பட்டிருப்பார்.

கடிகாரம் நின்று போவதற்குச் சாவியோ எண்ணெயோ காரணமாக இருக்காது. சுண்ணாம்பு அடிக்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்தால் நங்கூரத்தின் ஒரு கைக்கும் மறு கைக்கும் இடைவெளி சமமாக இருக்காது. அதனால்தான் ‘டொக்-டொக்’ என்று சேர்த்து அடித்துவிட்டு ஓய்கிறது. ஆணியைத் தொடாதீர்கள். பெண்டுலத்தை ஆட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியின் அடிப்பாகத்தை மட்டும் நெல் அளவுக்கு இடமும் வலமுமாக நகர்த்திக் கேளுங்கள். ஏதோ ஓரிடத்தில் இடைவெளி சமமாகி டொக்கு… டொக்கு… என்று வரும். அங்கேயே பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இதற்கு உங்களைவிட உங்கள் மாமியார் காது பொருத்தம், அவரையே கிட்டே நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.